வகுப்பறை வாசற்படியில்

 

சென்ற மாத அஞ்சலில் வந்த கடிதங்களுள் ஒன்று என் மேசையை விட்டு அகல மறுக்கிறது. எழுதியவர் மேலப்பாளையத்துச் சகோதரி. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, பி.எட். பயிற்சியும் முடித்து, வருகிற ஜூன் மாதம் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர இருப்பவர். அவர் குடும்பத்துப் பெண்மக்களில் சம்பளத்துக்கு வேலை பார்க்க வெளியே செல்லும் முதல் ஆள் அவர்தாமாம். உம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசில் படித்ததாக எழுதியிருக்கிறார்.

இத்தனை மகிழ்ச்சிக்குரிய செய்தியை எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் அந்தச் சகோதரி எழுதியிருப்பதுதான் என்னை உறங்கவிடவில்லை. சில நாட்களாக ஒரே கனவு வருகிறதாம். வகுப்புக்குள் நுழைகிறார், பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், வாயைத் திறக்கிறார், ஓசை வரவில்லை. ‘எல்.கே.ஜி. முதலே ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள், அம்மா. என்னைவிட அவர்கள் நன்றாகப் பேசுவார்கள். நான் தமிழ் வழியில் படித்தவள். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தால் நான் என்ன செய்வேன்? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை’ என்று கேட்கிறார்.

இந்தச் சகோதரிக்கு மட்டும் தனியே பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஜூன் மாதம் நெருங்கும்போது நம் வீடுகள் பலவற்றில் இதே அச்சத்துடன் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றிற்று. ஆகவே இந்த மாதம் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெருமைக்குரிய கதை அன்று.

1978 ஆம் ஆண்டு, ஜூன் மாதம். நாங்கள் அப்போது திருநெல்வேலிப் பேட்டையில் குடியிருந்தோம். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை. பேட்டையிலிருந்து டவுன் வந்து, ஈரடுக்கு மேம்பாலத்தைக் கடந்து, சுலோசன முதலியார் பாலத்தின் மேல் பேருந்து ஏறியபோது, கீழே தாமிரபரணியில் சாரல் காலத்துப் புதுத் தண்ணீர் சிவந்து ஓடிக்கொண்டிருந்தது. 1843 இல் ஒரு மனிதர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கட்டிக்கொடுத்த பாலம் அது. அன்று எனக்கு அந்த நல்ல மனிதர்மேல் கோபமாக வந்தது. பாலமே இல்லாதிருந்தால் ‘ஆற்றில் வெள்ளம், வர இயலவில்லை’ என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம் அல்லவா?

முதல் பீரியட் எட்டாம் வகுப்பு. ஐம்பத்திரண்டு பெண்கள். என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் மனப்பாடம் செய்திருந்தேன். உள்ளே நுழைந்தேன். ‘குட் மார்னிங் மிஸ்’ என்று ஐம்பத்திரண்டு குரல்கள் நீட்டி இழுத்தன. அந்த இழுப்பு முடிவதற்குள் என் ஒரு பக்கமும் நினைவிலிருந்து ஓடிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ‘சிட் டவுன்’ என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கரும்பலகையில் தேதி எழுதப் போனேன், சாக்பீஸ் முறிந்தது. வேறு வழியில்லாமல் பாடப்புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். கடன்பட்ட ஒரு குடியானவனின் கதை. கடன் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லில் நடுவே ஒரு ‘பி’ உண்டு. நான் அதையும் சேர்த்து, ‘டெப்ட்’ என்று அழுத்தமாக வாசித்தேன்.

இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். துடுக்காக அல்ல, மிகவும் மரியாதையாகவே சொன்னாள்: ‘மிஸ், அதில் பி சொல்லமாட்டாங்க. டெட்-னுதான் சொல்லணும்.’

சகோதரிகளே! அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் சொன்னதுதான் சரியென்று. கல்லூரியில் எங்கள் பேராசிரியை அவ்வாறு உச்சரித்ததைக் கேட்டிருக்கிறேன். ஆயினும் என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? ‘இரண்டு விதமாகவும் சொல்லலாம். உட்கார்’ என்றது. வகுப்பு அவளைப் பார்த்தது. பக்கத்திலிருந்தவள், ‘மிஸ்ஸையே திருத்துறியா’ என்று முழங்கையால் இடித்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்தவள்தான், மணி அடிக்கும்வரை நிமிரவில்லை.

இன்று வரை என் முதல் நாளை நினைத்தால் மறந்துபோன அந்த ஒரு பக்கப் பேச்சு எனக்கு நினைவுக்கு வருவதில்லை. முறிந்த சாக்பீஸும் நினைவுக்கு வருவதில்லை. அந்தக் குனிந்த தலைதான் வருகிறது.

ஆசிரியர் அறையில் என் முகத்தைப் பார்த்த மூத்த தமிழாசிரியை ஒருவர், எதுவும் கேளாமல் தம் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். ‘இருபது வருஷத்துக்கு முன்னால் முதல் நாளன்று நான் குறளையே மாற்றிச் சொல்லிவிட்டேன், அதிலும் அதிகாரி பின்னால் உட்கார்ந்திருந்தார்’ என்று தாமாகவே சொன்னார். அன்று மாலை நூலகத்தில் டேனியல் ஜோன்ஸ் என்பாரின் உச்சரிப்பு அகராதியை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னதே சரி. இரண்டு விதமெல்லாம் கிடையாது.

மறுநாள் அதே வகுப்பு. வருகைப் பதிவு எடுத்து முடித்தவுடன், ‘நேற்று நான் சொன்னது தவறு. அவள் சொன்னதே சரி. எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு மாற்றிச் சொன்னேன்’ என்றேன். தமிழில்தான் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லும் அளவுக்கு அன்று எனக்குத் தைரியம் இல்லை. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணும் சிரிக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினாள். அதன்பின் என் வகுப்பில் கேள்விகள் குறைந்ததே இல்லை. சில நாட்களில் ‘போதும்’ என்று சொல்லும் அளவுக்கு வந்தன.

அந்தப் ‘பி’யின் கதையைப் பின்னாளில் படித்தேன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் ‘பி’ என்னும் எழுத்தே இல்லை. பிற்காலத்துப் பண்டிதர்கள், லத்தீனில் உள்ள மூலச்சொல்லை நினைவூட்ட வேண்டும் என்று எழுத்தில் மட்டும் அதைச் செருகினார்கள். சந்தேகம் என்று பொருள்படும் ‘டவுட்’ என்னும் சொல்லிலும் அவ்வாறே. வாய் ஏற்காததைக் கை எழுதிற்று. பண்டிதர்கள் செருகிய எழுத்துக்கு நான் வெட்கப்பட்டிருக்கிறேன்!

அஞ்சியவர்கள் நீங்களும் நானும் மட்டும் அல்லர். உலகப் புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியர் ஆர்.கே. நாராயணை அறிவீர்கள். சென்னையில் 1906 இல் பிறந்தவர். தந்தையார் தலைமையாசிரியர். மைசூரில் பட்டம் பெற்ற பிறகு சன்னபட்டணத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. சில நாட்கள்கூட அவரால் நிலைக்க முடியவில்லை, ஊருக்குத் திரும்பிவிட்டார். தம் வாழ்க்கை வரலாற்று நூலில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1945 இல் அவர் வெளியிட்ட நாவலுக்கு ‘ஆங்கில ஆசிரியர்’ என்றே பெயர். அதன் நாயகனும் கல்லூரி வேலையை உதறிவிட்டுச் சிறுபிள்ளைகளின் பள்ளிக்குப் போகிறான். ஆனால் கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒன்று சொல்வேன்: நாராயண் ஓடிவந்து எழுதுவதற்கு மால்குடி என்று ஓர் ஊர் அவர் மனத்தில் காத்திருந்தது. உங்களுக்கும் அப்படி ஓர் ஊர் காத்திருந்தால் தாராளமாக ஓடிவாருங்கள். இல்லையென்றால் சற்றுப் பொறுங்கள்.

எனக்கு இவரைவிட நெருக்கமாகத் தோன்றுபவர் வங்காளத்து ரொக்கையா சகாவத் உசேன் அம்மையார். 1880 இல் பிறந்தவர். வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வங்காளமும் மறுக்கப்பட்டிருந்த காலம். வீடு உறங்கிய பின், இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அண்ணன் சொல்லிக் கொடுக்க ஆங்கிலம் கற்றவர். அப்படிக் கற்ற ஆங்கிலத்தில் ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதையை எழுதினார். அது 1905 இல் வெளிவந்தது எங்கே தெரியுமா? நம் சென்னையிலிருந்து நடந்த பெண்கள் ஆங்கில இதழ் ஒன்றில்தான்! கணவர் 1909 இல் காலமானபின், அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளி தொடங்கினார். அங்கே நிலைக்க முடியாமல் கல்கத்தாவுக்கு வந்து, 1911 மார்ச் 16 அன்று எட்டு மாணவிகளோடு மறுபடியும் தொடங்கினார். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தவர் அல்லர். முதன்முதல் ஐந்து பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தபோது, ஒரே ஆசிரியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு எவ்வாறு பாடம் சொல்ல முடியும் என்பதே தமக்கு விளங்கவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1932 இல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பள்ளி நின்று நிலைத்தது.

நம் ஆற்றங்கரைக்கே வருவோம். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லி நமக்கு அலுத்துவிட்டது. அங்கே பெண்களுக்கான சாரா டக்கர் கல்லூரி 1895 இல் ஏற்பட்டது. சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971 இல் ஏற்பட்டது. காயல்பட்டினத்திலிருந்து அரபியில் கவி பாடிய அந்தப் பெரியாரின் பெயரை ஏற்ற கல்லூரியில் இன்று ஆங்கில இலக்கியமும் நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க எனக்கு எப்போதும் இன்பமாக இருக்கும். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே எழுபத்தாறு ஆண்டுகள். அந்த எழுபத்தாறு ஆண்டுகளில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அந்தப் பாலத்தைக் கடந்து படிக்கப் போனார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல நாணமாக இருக்கிறது. ஆகவேதான் மேலப்பாளையத்திலிருந்து வந்த இந்தக் கடிதத்தை என்னால் கிழித்தெறிந்துவிட்டு அடுத்ததைப் பார்க்க முடியவில்லை.

இனி உச்சரிப்புக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் சகோதரியின் அச்சத்தில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. அவரிடம் இருக்கும் செல்வம் அவருக்கே தெரியவில்லை.

தமிழ் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் இடறும் ஒலிகள் எவை? மேற்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்றோடு வரும் ‘ஃப’. தேனீ ரீங்கரிப்பது போன்ற, ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தின் ஒலி. நாக்கு நுனியை மேற்பல்லின் விளிம்பில் வைத்து ஊதும் ஒலி. ‘சிந்தி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலில் வருவது. அதே இடத்தில் குரலோடு வரும் இன்னோர் ஒலி. ‘இது’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலில் வருவது. பின் ‘ஷ’. தமிழ் எழுத்தில் இவற்றை அச்சிட்டுக் காட்ட நான் படும் பாட்டைப் பார்த்தாலே இவை நம் எழுத்தில் அடங்காதவை என்பது புரியும்.

இப்போது ஐந்து வயதில் ஓதப் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். ‘ஃபே’ என்னும் எழுத்தை எவ்வாறு சொல்லக் கற்றீர்கள்? மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து. மூன்று புள்ளி வைத்த எழுத்துக்கு நாக்கு நுனியை எங்கே வைக்கச் சொன்னார்கள்? மேற்பல்லின் விளிம்பில். ‘தால்’ எழுத்தின் மேல் ஒரு புள்ளி வந்தால்? அதே இடம், குரலோடு. ‘றே’ எழுத்தின் மேல் ஒரு புள்ளி வந்தால்? தேனீயின் ரீங்காரம். ‘ஷீன்’ சொல்லவே வேண்டாம். மக்ரஜ் பார்த்து முறையாக ஓதிய பிள்ளைக்கு, ஆங்கில ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வாயைக் கோணிக் கோணிக் கற்றுத் தரும் ஒலிகள் எல்லாம் பால்பல் விழுமுன்பே நாக்கில் படிந்துவிட்டன! இதை நான் கண்டுபிடித்தது என் மூன்றாம் ஆண்டில். மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு சிறுமி, பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கு வராத ஒலியை முதல் முயற்சியிலேயே சொன்னாள். ‘எங்கே கற்றாய்’ என்றேன். ‘ஓதிக் கொடுக்கிற அம்மா சொல்லித் தந்தாங்க, மிஸ்’ என்றாள். நானும் ஓதியவள்தானே; எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

இன்னொன்றும் உண்டு. சொல்லின் இறுதியில் நாம் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவோம்: ‘புக்கு’, ‘பேங்கு’, ‘ரோடு’. ஓதும்போதோ, ஆயத்தின் முடிவில் மெய்யெழுத்தோடு நிறுத்தப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: ‘அஹத்’ என்று நிறுத்தும்போது கல்கலாவின் மெல்லிய அதிர்வு ஒன்று வரும் அல்லவா? அதை ‘பேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லில் கொண்டுவந்துவிடாதீர்கள்.

அரபி கைகொடுக்காத இடமும் உண்டு. அரபியில் ‘ப’ என்னும் வல்லோசை இல்லை. குரலோடு வரும் ‘பே’ மட்டுமே உண்டு. சவூதியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த உறவினர்களைக் கேளுங்கள், அங்குள்ளவர்கள் பெப்ஸியையும் போலீஸையும் எவ்வாறு சொல்வார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டுவார்கள். இந்த இடத்தில் தமிழ் நமக்குத் துணை: ‘பல்’ என்பதில் உள்ள வல்லோசையும், ‘கம்பு’ என்பதில் உள்ள மெல்லிய ஓசையும் நமக்குப் பிறவியிலேயே வருகின்றன. அதுபோலவே ஓதாத பிள்ளைகளுக்கு, ‘அது’, ‘இது’ என்று விரைந்து சொல்லும்போது நடுவில் வரும் தகரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆங்கில ஒலிக்கு வெகு அருகில் இருக்கும். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வரும்போதுதான் தமிழும் அரபியும் இரண்டுமே நம்மைக் கைவிட்டுவிடும். ‘இஸ்கூல்’ என்று சொல்வது அதனால்தான். அங்கே பயிற்சி ஒன்றே வழி.

ஆக, தமிழ் வழியில் படித்தேன் என்று வருந்தும் சகோதரியே! எல்.கே.ஜி. முதலே ஆங்கிலம் கேட்ட பிள்ளை சரளமாகப் பேசும், உண்மை. ஆனால் ஓர் ஒலி எங்கே, எவ்வாறு பிறக்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். சரளம் என்பது வேறு, சொல்லிக் கொடுப்பது என்பது வேறு.

சில சில்லறைச் செய்திகள். மனப்பாடமான முன்னுரை வேண்டாம், என்னைப்போல் திண்டாடுவீர்கள். உங்களைப் பற்றி மூன்று எளிய வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். அவற்றுள் ஒன்று பொய்யாக இருக்கட்டும். எது பொய் என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். பேசுகிறவர்கள் அவர்கள், உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். புதுச் சாக்பீஸை இரண்டாக உடைத்துக்கொண்டால் பலகையில் கிறீச்சிடாது. உள்ளே நுழையுமுன் மூச்சை உள்ளிழுப்பதைவிட மெதுவாக வெளிவிடுவது படபடப்பைத் தணிக்கும். தண்ணீர்ப் புட்டியை மேசைமேல் வையுங்கள். கை நடுங்கினால் வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர்களை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். நம் பிள்ளைகளின் பெயர்கள் பிற பள்ளிகளில் படும் பாட்டை நீங்களே அறிவீர்கள். அதேபோலப் பிற பிள்ளைகளின் பெயர்களையும் அவர்கள் வீட்டில் சொல்வதுபோல் கேட்டுத் தெரிந்து சொல்லுங்கள்.

பிழையைத் திருத்தும் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். என் இரண்டாம் பெஞ்சுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதுமாயிருந்தது.

கடைசியாக, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதுவதென்றால் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம்; அதற்கு ஜூன் மாதத்திலேயே அவசரம் எதற்கு? முப்பது நாட்கள் போய்வாருங்கள். அதன் பிறகும் அந்தக் கனவு வந்தால் மறுபடியும் பேசுவோம். அப்போது ‘போகாதீர்கள்’ என்று நானே சொன்னாலும் சொல்வேன். ஆனால் இந்தக் கடிதத்தில் எழுதியதை முதலில் உங்கள் உம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுக்க வேண்டிய வேலையை முதல் நாள் கையில் எடுத்தபோது, விரல்கள் மடங்காமல் இலை கிழிந்ததை அவர் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். கேட்டுப் பாருங்கள்.

ஜூலை முதல் வாரத்தில் எனக்கு எழுதுங்கள். எத்தனை பெயர்கள் மனப்பாடமாயின என்பதையும், மூன்று வாக்கியங்களில் எதைப் பொய்யாக எழுதினீர்கள் என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.